இரண்டு நிமிடக் குளிர்

அந்த வீட்டில் மூன்று வாரமாக வானிலைதான் பேச்சு. இங்கே அடிக்கிற வெயிலையும் பெய்கிற மழையையும் யாரும் கண்டுகொள்ளவில்லை. கடல் தாண்டியிருந்த இரண்டு ஊர்களின் வானிலை. ஒன்றுக்கு வெயில் ஊர் என்று பெயராகிவிட்டது, மற்றதற்குப் பனி ஊர். மகன் காலையில் பல் விளக்கிக்கொண்டே கைப்பேசியைத் தட்டுவான். "வெயில் ஊர்ல நாப்பத்தஞ்சு, பனி ஊர்ல மைனஸ் மூணு" என்று அறிவிப்பான். மருமகள் உள்ளேயிருந்து "மைனஸ் மூணு" என்பதை மட்டும் ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொள்வாள்.

மகன் ஏ.சி. மெக்கானிக். இரண்டு ஊரிலும் அவனுக்கு வேலை கிடைத்துவிட்டது. வெயில் ஊரில் வீட்டைக் குளிரவைக்க வேண்டும், பனி ஊரில் சூடாக்க வேண்டும், எந்திரம் என்னவோ கிட்டத்தட்ட ஒன்றுதான் என்றான். போனால் குடும்பத்தோடு போய்க் குடியேறிவிடுவது, திரும்பி வருகிற பேச்சே இல்லை என்பதும் முடிவாகியிருந்தது. மருமகள் நான்கு மாதக் கர்ப்பிணி. தகரக் கூரை போட்ட தையல் கம்பெனியில் நாள் முழுக்கச் சட்டைக் காலர் தைப்பவள். கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு, மேலே பவுடர் அப்பியிருப்பாள். அவளைக் கேட்டால் நாளைக்கே பனி ஊருக்குப் பெட்டி கட்டிவிடுவாள். மொட்டைமாடி மொட்டைமாடியாக ஏறி வெந்துபோன மகனுக்கும் அந்த ஆசைதான்.

குறுக்கே நின்றது ஒரே ஆள், மகனின் அப்பா. மீன் உறைகிடங்கில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தெருவில் கிடங்குக்காரர் என்றால்தான் தெரியும். அவருக்குக் குளிர் ஆகாது. இது அந்த வீட்டில் சுவரில் அறைந்த ஆணி மாதிரி, யாரும் பிடுங்கிப் பார்த்ததில்லை.

"மைனஸ் பதினெட்டு" என்று ஆரம்பித்தார் என்றால் டீ ஆறிவிடும். மீன் பெட்டிகள் கல்லாகக் கிடப்பதையும், மூச்சு விட்டால் மீசையில் உறைவதையும், உள்ளே இருபது நிமிடம் வெளியே பத்து நிமிடம் என்று ஆளை மாற்றி மாற்றி விடுவதையும் சொல்வார். ஒருமுறை கதவின் உள்பக்கக் கைப்பிடி இறுகிக்கொண்டு தானும் கூட வேலை பார்த்த எடைக்காரரும் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன கதையையும் சொல்வார். கடைசியில் முழங்காலைத் தட்டி, "ஐஸ் இதுக்குள்ள போய் உக்காந்துடுச்சுப்பா, இனி வெளிய வராது" என்று முடிப்பார். ஓய்வு பெற்று இரண்டு வருடமாகியும் ஐஸ் வெளியே வரவில்லை. காலையில் ஒரு அண்டா வெந்நீர், சாயங்காலம் ஒரு அண்டா வெந்நீர். அடுப்பங்கரையை ஒட்டிய சூடான அறை அவருக்கு. மற்றவர்கள் முன்னறையில். கம்பெனி கொடுத்த தடித்த நீலக் கோட்டு பெரிய பதக்கம் மாதிரி இன்னும் அவருடைய கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அதனால் முதல் மூன்று வாரமும் கிடங்குக்காரர் ராஜாவாக இருந்தார். வீடே அவருடைய முழங்காலைச் சுற்றி வந்தது. பனி ஊர் என்று மருமகள் வாயைத் திறந்தால் அவர் மெதுவாக ஒரு இருமல் இருமுவார், அவ்வளவுதான். மகன் உடனே, "அப்பாவை வச்சுக்கிட்டு அங்க எப்படிப் போறது? வெயில் ஊருக்கே போவோம்" என்பான். மருமகள் தட்டுகளை அடுக்குவாள், அந்தச் சத்தமே பேசும். ஒரு மனிதனின் எலும்புக்காக நாலு பேர் தேசத்தையே மாற்றிக்கொள்வது சாதாரண விஷயமா? கிடங்குக்காரர் மனசுக்குள் சப்புக்கொட்டிக்கொண்டார்.

இதில் வாயே திறக்காதவள் அவர் மனைவி. ஒரு பெரிய கேன்டீனில் பாத்திரம் தேய்க்கிறாள், அதுவும் இருபது வருடத்துக்கு மேலாக. விடிவதற்கு முன் எழுந்து, அவருக்கு அண்டாவை அடுப்பில் ஏற்றிவிட்டு, தான் குழாய்த் தண்ணீரில் குளித்துவிட்டு ஓடுவாள். வீட்டில் ஒரு அடுப்பு, ஒரு அண்டா. அவருக்குப் போட்டு மிஞ்சினால்தான் மற்றவர்களுக்கு. இத்தனை வருடத்தில் மிஞ்சியதில்லை. அவளுடைய விரல் முட்டிகள் வீங்கி, காலையில் கை முழுசாக மூடாது. தேய்க்கத் தேய்க்க மத்தியானத்துக்கு மேல்தான் வழிக்கு வரும். எந்த ஊர் பிடிக்கும் என்று அவளை யாரும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்றில்லை, தோன்றவில்லை. அவளாகத்தான் ஒருநாள் மருமகளிடம், "அங்க தண்ணி எப்படி?" என்றாள்.

"எங்க அத்தை?"

"பனி ஊர்ல. பச்சைத் தண்ணியில கையே வைக்க முடியாதில்ல?"

மருமகள் சிரித்தாள். அங்கே குழாயைத் திறந்தால் வெந்நீரே வருமாம். குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ, எல்லாவற்றுக்கும். அடுப்பும் வேண்டாம், அண்டாவும் வேண்டாம். வீட்டுக்கு வீடு அப்படித்தான் என்று தன் தோழி அனுப்பிய படத்தைக் காட்டினாள். படத்தில் ஒரு சாதாரணக் குழாய், அதன் கீழே ஆவி. மாமியார் அந்தப் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கப் பார்த்தாள், விரல் மடங்கவில்லை. மருமகள் பெரிதாக்கிக் கொடுத்தாள். மாமியார் வெகுநேரம் பார்த்துவிட்டு வேலைக்குப் போனாள்.

இனி, வீட்டில் யாருக்கும் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

கிடங்குக்காரர் உறைகிடங்குக்குள் வேலை பார்த்தது இரண்டே வருடம். அந்த இரண்டு வருடமும் சொன்னதெல்லாம் சத்தியம். சாயங்காலம் நடுங்கிக்கொண்டு வருவார், மனைவி கோட்டைக் கழற்றி, வெந்நீர் ஊற்றி, உள்ளங்காலைத் தேய்த்துவிடுவாள். மூன்றாம் வருட ஆரம்பத்தில் அவரைச் சீட்டறைக்கு மாற்றிவிட்டார்கள். வாசலில் உட்கார்ந்து, உள்ளே போகிற வருகிற பெட்டிக்குச் சீட்டுப் போடுகிற வேலை. சீட்டறைக்கு அடுத்த சுவர் கம்ப்ரசர் அறை. குளிர்ச்சியை உண்டாக்குகிற எந்திரம் இருக்கிற இடம் அனலாகத்தான் இருக்கும். அந்தக் கட்டிடத்திலேயே கதகதப்பான இடம் அதுதான். பனியனோடு உட்கார்ந்து சீட்டுப் போடுவார். அந்தச் செய்தியைச் சொல்லத்தான் அன்றைக்கு வேகமாக வீட்டுக்கு வந்தார். வந்தால் வெந்நீர் தயார், துண்டு தயார், சூடான பால் தயார். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று காலை நீட்டினார். அந்த நாளை வரவே இல்லை.

ஆனால் கோட்டு ஒரு சிக்கல். கதகதவென்று இருக்கிற கோட்டை வாங்கி மாட்டினால் அவள் கண்டுபிடித்துவிடுவாளே. அதற்கும் வழி கண்டார். வேலை முடிந்ததும் கோட்டைப் போட்டுக்கொண்டு, கதவில் தொங்குகிற பிளாஸ்டிக் பட்டைகளை விலக்கி உள்ளே போய் இரண்டு நிமிடம் நிற்பார். மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணுவார். நூற்றிருபது. வெளியே வந்து விறுவிறுவென்று வீட்டுக்கு. வீடு பக்கம்தான். வாசலில் மனைவி கோட்டை இரண்டு கையாலும் வாங்கும்போது, "அப்பா, என்னமா ஜில்லுன்னு இருக்கு" என்பாள். இதெல்லாம் எடைக்காரர் ஒருவருக்குத்தான் தெரியும். அவரிடம் கிடங்குக்காரர் சத்தியம் வாங்கி வைத்திருந்தார். எடைக்காரர் அவ்வப்போது வீட்டுக்கு வந்து டீ குடித்துவிட்டு, கேட்காமலே சாட்சியும் சொல்லிவிட்டுப் போவார்.

நான்காவது வாரம் காரியம் கெட்டது. மத்தியான வெயிலில் ஆறு மாடிக் கட்டிடத்து உச்சியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த மகனுக்குத் தலை சுற்றி, வாந்தியெடுத்து, இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து விட்டார்கள். மருமகள் ஈரத்துணியை அவன் நெற்றியில் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழவில்லை, கத்தவில்லை. இங்கே முப்பத்தெட்டுக்கே இந்தக் கதி என்றால் அங்கே நாற்பத்தைந்தில் என்ன ஆகும் என்று மட்டும் கேட்டாள். வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு அப்பா வேண்டுமா வேண்டாமா என்றும் கேட்டாள். கேட்டது புருஷனை, பார்த்தது மாமனாரை. கிடங்குக்காரருக்கு அப்போது இருமல் வரவில்லை.

இரண்டு நாள் கழித்து, சாப்பாட்டு நேரத்தில் மகன் பேச்சை எடுத்தான். முன்கூட்டியே மனைவியோடு பேசி வைத்திருந்தான் என்பது அவன் தண்ணீர் குடித்த விதத்திலேயே தெரிந்தது.

"அப்பா, பனி ஊருக்கே போறதுன்னு முடிவு பண்ணிட்டோம்."

"ம்."

"உங்க உடம்புக்கு அது ஆகாது. வருஷத்துல ஆறு மாசம் பனி. அங்க கொண்டுபோய் உங்களைக் கொடுமைப்படுத்த எனக்கு மனசு வரலை. நீங்க இங்கயே இருங்க. எடைக்காரர் மாமா வீட்டு மாடியில ஒரு ரூம் காலியா இருக்கு, பேசிட்டேன். அம்மா எங்களோட வரட்டும். குழந்தை பொறந்தா இவளுக்கு ஆள் வேணும்."

கிடங்குக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். நாலு பேர் என்று இருந்த கணக்கில் தன் தலை மட்டும் எப்படிக் கழன்றது என்று அவருக்குப் பிடிபடவே கொஞ்ச நேரம் ஆயிற்று. மருமகள் கரண்டியால் அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். ஒரு மாதமாக இல்லாத உபசாரம் அது. "அங்க வந்து கஷ்டப்படுறதுக்கு இது மேல் மாமா" என்றாள். குரலில் பாசம் வழிந்தது. அவர் மனைவியைப் பார்த்தார். அவள் முகம் வாடித்தான் இருந்தது. "இவரைத் தனியா எப்படி விடறது" என்று மகனிடம் இரண்டு தரம் சொன்னாள். தான் போகவில்லை, இவரோடு இருந்துவிடுகிறேன் என்றுகூடச் சொன்னாள். குழந்தைக்காகவாவது வந்துதான் ஆகவேண்டும் என்று மகன் கெஞ்சினான். அந்தப் பேச்சு அன்றைக்கு முடியவில்லை.

மறுநாள் மனைவிக்கு விடுமுறை. காலை வெயில் ஜன்னல் வழியாக அடுப்பங்கரையில் விழுந்திருந்தது. அவள் கழுவிய பாத்திரங்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கிடங்குக்காரர் குளித்துவிட்டு வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு அவளெதிரில் உட்கார்ந்தார். யோசித்து யோசித்து வழி கண்டுபிடித்துவிட்ட தெம்பு அவர் முகத்தில் இருந்தது. நல்ல சேதி சொல்லப்போகிறோம் என்றுதான் அந்த மனிதர் நினைத்தார். சிரித்துக்கொண்டேதான் சொல்லவும் ஆரம்பித்தார்.

"நீ ஒண்ணும் கவலைப்படாத. எனக்குக் குளிரெல்லாம் ஒண்ணும் பண்ணாது. நானும் வரேன்."

"சும்மா இருங்க. ராத்திரியெல்லாம் முழங்காலைப் பிடிச்சிட்டுக் கிடக்கறீங்க."

"அது சும்மா. பழக்கத்துல பிடிக்கறது. நான் உள்ள வேலை பாத்ததே ரெண்டு வருஷந்தான், தெரியுமா? அப்புறம் என்னைச் சீட்டறையில போட்டுட்டாங்க. பனியனோட உக்காந்திருப்பேன், அவ்வளவு சூடு."

அவள் துடைத்த பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள். அடுத்ததை எடுத்தாள்.

"அப்ப அந்தக் கோட்டு?"

"அதுதான் வேடிக்கை. கிளம்பறப்ப ரெண்டு நிமிஷம் உள்ள போய் நின்னுட்டு வருவேன். நூத்திருபது எண்ணுவேன்." அவருக்கே சிரிப்பு வந்தது. "நீ வாங்கிட்டு ஜில்லுன்னு இருக்குன்னு சொல்லுவ பாரு."

"தினமுமா?"

"ஆமா, பின்ன? ஒருநாள் விட்டாலும் நீ கண்டுபிடிச்சிருப்ப."

அவள் துணியை உதறிக் கொடியில் போட்டாள். விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டுக்கொண்டாள், வழக்கமாகச் செய்வதுதான். மகன் பிறந்து பத்து நாளில் எழுந்து அவருக்கு அண்டா ஏற்றியது, காய்ச்சலிலும் தான் பச்சைத் தண்ணீரில் குளித்தது, எதையும் அவள் எடுத்துப் பேசவில்லை. பேசியிருந்தால் அவர் சமாளித்திருப்பார், சமாளிப்பதில் அவர் கெட்டிக்காரர். சாயங்காலம் மகனிடம் தானே சொல்லிவிடுவதாக அவர் சொன்னார். சொல்லுங்க என்றாள். எவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது என்று அவருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

சாயங்காலம் நான்கு பேரும் இருக்கும்போது சொன்னார். இந்தத் தடவை சிரிக்காமல், கொஞ்சம் வெட்கத்தோடு, விஷயத்தை முழுசாகச் சொன்னார். சீட்டறை, கம்ப்ரசர், பனியன், இரண்டு நிமிடம், எல்லாம். மகன் வாயைப் பிளந்துகொண்டு கேட்டான். பிறகு சிரித்தான்.

"யாராவது வேணும்னே தினம் ரெண்டு நிமிஷம் ஃப்ரீசர்ல போய் நிப்பாங்களாப்பா?"

"நான் நின்னேம்ப்பா. எடைக்காரனைக் கேளு."

மகன் கைப்பேசியை எடுத்து, எல்லோருக்கும் கேட்கிறபடி போட்டான். கிடங்குக்காரர் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். எடைக்காரர் பாவம், நல்ல மனிதர். எதற்குக் கேட்கிறார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அப்பா உள்ளே வேலை பார்த்தாரா, வெளியே சீட்டறையிலா என்று மகன் கேட்டதும் நண்பனின் மானம் போகப்போகிறது என்றுதான் அவருக்குப் பட்டிருக்கும்.

"யார் தம்பி அப்படிச் சொன்னது? அண்ணன் உள்ளதான். கடைசி நாள் வரைக்கும் உள்ளதான். உசுரைக் கொடுத்து உழைச்ச மனுஷன். எவனாவது வேற மாதிரி சொன்னா என்கிட்ட அனுப்பு."

"டேய், உண்மையைச் சொல்லுடா" என்று கிடங்குக்காரர் போனுக்குள் கத்தினார். அதைக் கேட்டதும் எடைக்காரர் இன்னும் உஷாராகிவிட்டார். கதவு இறுகிக்கொண்ட கதையை ஆதியோடந்தமாக ஆரம்பித்தார். மகன் நன்றி சொல்லி வைத்துவிட்டான். மகன் திரும்பி, "நீ சொல்லும்மா. உனக்குத்தான் தெரியும்" என்றான்.

கிடங்குக்காரர் மனைவியைப் பார்த்தார். காலையில் எல்லாவற்றையும் கேட்டவள். அவள் அவரைத் தவிர்க்கவில்லை, நேராகவே பார்த்தாள். பிறகு எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அவர் முழங்காலில் கையை வைத்துத் தடவிக் கொடுத்தாள்.

"இவர் பேச்சைக் கேக்காத. நம்மளை விட்டுப் பிரிய மனசில்லாம பொய் சொல்றாரு. இத்தனை வருஷம் அந்தக் கோட்டை வாங்கி மாட்டினது யாரு? நான்தானே. வாங்கினா எனக்கு விரல் மரத்துப் போகும். வெளிய உக்காந்திருந்தவர் கோட்டு அப்படி ஜில்லுன்னு இருக்குமா?"

"ஏய், காலையில உன்கிட்ட..."

"காலையிலயும் இதையேதான் சொன்னாரு. எனக்கு அழுகையே வந்திருச்சு." அவள் குரல் கொஞ்சமும் பிசிறவில்லை. "இவரை அங்க கூட்டிட்டுப் போய் ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா என்னால தாங்க முடியாது. இவர் இங்கயே இருக்கட்டும். நான் வரேன்."

மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அப்பாவின் தோளைப் பிடித்து, இவ்வளவு ஆசையா எங்கள்மேல் என்று கேட்டான். மருமகளுக்கும் மனசு இளகிவிட்டது, எழுந்து போய் அவருக்குச் சூடாகப் பால் கொண்டுவந்தாள். கிடங்குக்காரர் அன்றும் அதற்கடுத்த நாட்களிலும் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தார். சட்டையைக் கழற்றிவிட்டுப் பச்சைத் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக் காட்டினார். மகன் ஓடி வந்து துண்டைப் போர்த்தி, உயிரைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டான். உண்மைக்குத் தெருவில் நிற்கக்கூட இடம் கிடைக்கவில்லை. பொய்யை அவரே அவ்வளவு நல்லபடியாக வளர்த்து ஆளாக்கியிருந்தார். மனைவியைத் தனியாகப் பிடித்து ஏன் என்று கேட்டார். "நேரமாச்சு, அண்டாவை ஏத்தணும்" என்று அவள் நகர்ந்துவிட்டாள். கடைசி நாள் வரைக்கும் இரண்டு வேளையும் வெந்நீர் தவறவே இல்லை.

புறப்படுகிற அன்று நல்ல வெயில். வண்டி வாசலில் நின்றது, மகன் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தான். கிடங்குக்காரரை மறுநாள் தன் வீட்டு மாடிக்குக் கூட்டிப்போக இருந்த எடைக்காரரும் வந்து ஓரமாக நின்றார். சத்தியத்தைக் காப்பாற்றிவிட்ட பெருமை இன்னும் அவர் முகத்தில் இருந்தது. கிடங்குக்காரர் தன் அறைக்குள் போனபோது மனைவி அங்கே நின்றிருந்தாள். கதவுக்குப் பின்னாலிருந்து நீலக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். தோள் இறங்கி, கை நீண்டு, முழங்கால் வரை வந்தது.

"இது எதுக்கு உனக்கு?" என்றார்.

"இறங்கின உடனே மைனஸ் எட்டாம். வீடு போய்ச் சேர்ற வரைக்கும் வேணுமில்ல. உங்களுக்கு இங்க எதுக்கு?"

ஜிப்பைப் பிடித்து இழுத்தாள். காலை நேரம், விரல் மடங்கவில்லை. இரண்டு தரம் நழுவிவிட்டது. வெளியே மகன் ஹாரன் அடிக்கச் சொன்னான். அவள் கையைக் கீழே தொங்கவிட்டு அவர் முன்னால் நின்றாள். அவர் குனிந்து, கீழ்நுனியைக் கோத்து, கழுத்து வரை இழுத்துவிட்டார். இழுக்கும்போது அவள் விரல் அவர் மணிக்கட்டில் பட்டது, குழாய்த் தண்ணீரில் குளித்துவிட்டு வந்த விரல். அந்த வெயிலிலும் ஜில்லென்று இருந்தது. அவர் அதைச் சொல்ல வாயெடுத்தார்.

"அண்டா அடுப்பு மேலயே இருக்கு" என்றாள் அவள். "தண்ணி பிடிச்சு நீங்கதான் ஏத்திக்கணும்."

கோட்டோடு வெயிலில் இறங்கி நடந்து வண்டியில் ஏறினாள். ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தவள் முகத்தில் வேர்வை வழிந்தது. அவள் துடைத்துக்கொள்ளவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. வண்டி தெருமுனை திரும்பியதும் எடைக்காரர் வந்து அவர் தோளில் கை போட்டு, வெயிலில் நிற்க வேண்டாம் அண்ணே, உள்ளே வாங்க என்றார்.